ஆழாக்கு தானியத்துக்கு, மாவுக்கு அல்ல

பலகாரப் பக்குவம் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி ஆழாக்கு, உழக்கு என்ற பழைய அளவுப் பாத்திரங்கள், டம்ளர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் தராசு வாங்கச் சொல்கிறது. இன்னொரு கட்சி, செட்டிநாட்டு ஆச்சிமார் கைக்கணக்கிலேயே செய்யவில்லையா, கை பழகினால் தானாக வரும் என்கிறது. இரண்டையும் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கைக்கணக்கு என்று நாம் சொல்வது உண்மையில் மிகக் கறாரான ஒரு அளவு முறை. அதன் விதிகளை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். தராசுக்காரர்களோ, எதை எப்போது நிறுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு எவர்சில்வர் ஆழாக்கை வைத்துக்கொண்டு, தீபாவளிக்குத் தீபாவளி ஒரே மாதிரி தேன்குழல் பிழிய முடியும். அதற்கு ஆழாக்கு என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆழாக்கு அளப்பது இடத்தை. சமையலுக்கு வேண்டியதோ பொருள். அந்த இடத்துக்குள் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது, எவ்வளவு காற்று அடங்கியிருக்கிறது என்பதுதான் சிக்கல் முழுவதும். தண்ணீரிலும் எண்ணெயிலும் இந்தச் சிக்கல் கிடையாது. அரிசி, உளுந்து, பாசிப்பருப்பில் உண்டு, ஆனால் சிறிது. மாவில்தான் அது பூதாகரமாகிறது.

கோபுரம் எவ்வளவு உயரம்?

முதலில் வெள்ளைப் பணியாரம். இதன் அளவு செட்டிநாடு முழுக்க ஒரே வாக்கியத்தில் சொல்லப்படுகிறது: ஒரு ஆழாக்கு பச்சரிசியைத் தலைதட்டி (விளிம்போடு வழித்து) எடுத்து, அதன் மேல் கோபுரமாக உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, கரண்டியால் ஊற்றும் பதத்துக்குக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒன்றொன்றாகச் சுட வேண்டும். புளிக்க வைப்பதில்லை, அதனால் பின்னால் சரிசெய்துகொள்ள வழியும் குறைவு. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், தடித்துப் போகும். குறைந்தால் தட்டையாக, விறைப்பாக இருக்கும், ஆறியதும் கடிக்க முடியாது. இப்படி நுட்பமான ஒரு விகிதத்தை வெறும் ‘கோபுரமாக’ என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்று பலர் அலுத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் தவறே இல்லை. பாத்திரம்தான் மாறிவிட்டது.

உளுந்தைக் குவித்தால் அது ஒரு குறிப்பிட்ட சரிவுக்கு மேல் நிற்காது, வழிந்துவிடும். அந்தச் சரிவு சுமார் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். அப்போது குவியலின் கொள்ளளவைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் வாய் அகலம் மட்டுமே. அதுவும் அகலத்தின் மும்மடிப் பெருக்கமாக (அகலம் × அகலம் × அகலம்). 200 மில்லி கொள்ளும் மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் 6 சென்டிமீட்டர் என்றால் மேலே நிற்கும் உளுந்து சுமார் 16 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. வாய் 7 சென்டிமீட்டர் என்றால் 26 மில்லி. 9 சென்டிமீட்டர் அகலமான கிண்ணம் என்றால் 55 மில்லி. மூன்றிலும் அரிசி அதே 200 மில்லிதான். ஆனால் விகிதம் பன்னிரண்டுக்கு ஒன்றிலிருந்து எட்டுக்கு ஒன்றாகி, நாலுக்கு ஒன்றையும் தாண்டிவிடுகிறது. ஒரு வீட்டில் பஞ்சு போல வருவது இன்னொரு வீட்டில் எண்ணெயில் தோய்ந்து வருவதன் காரணம் கைராசி அல்ல, வாய் அகலம்.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இந்த வரிசைப் பாத்திரங்கள் ஒரே உருவ அமைப்பில், அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் வளரும்படி செய்யப்பட்டிருந்தால், கோபுர விகிதம் எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும். வாயின் மும்மடி எப்படி வளர்கிறதோ, பாத்திரத்தின் கொள்ளளவும் அப்படியே வளர்கிறது. ஆகவே வீட்டுக்கு ஆழாக்கில் அளந்த பணியாரத்தைக் கல்யாணத்துக்குப் படியில் அளந்தாலும் அதே பக்குவம் கிடைக்கும். சீர்வரிசையில் வந்த ஒரே ஜோடிப்பு அளவுகளை வைத்துப் புழங்கிய வீடுகளுக்கு இந்த விதி வேலை செய்தது. அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், காப்பி டம்ளரிலோ கறிக் கிண்ணத்திலோ அளந்தால் வேலை செய்யாது.

இதற்கு மாற்று எளிது. உங்கள் பாத்திரத்தில் ஒருமுறை கோபுரம் கட்டி, பணியாரம் சரியாக வந்த நாளில், அந்தக் கோபுரத்தை மட்டும் வழித்து எடுத்து மேசைக்கரண்டியால் தலைதட்டி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 200 மில்லி அரிசிக்கு ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி என்பது நல்ல தொடக்கம். உளுந்து காய்ந்திருக்க வேண்டும். கழுவிய உளுந்து ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும், சரிவு மாறிவிடும்.

மில்லுக்கு முன், மில்லுக்குப் பின்

என்னை நீண்ட காலம் உறுத்தியது தேன்குழல்தான். நாலுக்கு ஒன்று என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு: நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. ஒரே கணக்கில் ஒருவருக்கு வாயில் வைத்தால் கரைகிறது, இன்னொருவருக்குக் கல் மாதிரி இருக்கிறது, மூன்றாமவருக்குச் சிவந்து எண்ணெய் கக்குகிறது. அரிசியின் தரம், உளுந்தின் வயது, அடுப்பின் வேகம் என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவையும் உண்மைதான். ஆனால் முதன்மையான காரணம் வேறு. நாலுக்கு ஒன்று என்று அளக்கப்பட்டது தானியம். மில்லுக்குக் கொடுத்தனுப்பும் முன், தூக்குவாளியில் போடும் நேரத்தில், நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. இப்போது நாம் பாக்கெட் அரிசி மாவையும், வறுத்து மிக்ஸியில் அரைத்த உளுந்து மாவையும் எடுத்துவைத்துக்கொண்டு அதே ஆழாக்கால் அதே நாலுக்கு ஒன்றை அளக்கிறோம். வாக்கியம் மாறவில்லை, அளக்கும் பொருள் மாறிவிட்டது.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். பச்சரிசி 200 மில்லி சுமார் 165 கிராம் இருக்கும். தோல் நீக்கிய முழு உளுந்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான் நிறுக்கும். இரண்டும் கடினமான மணிகள், ஒன்றின் மேல் ஒன்று உருண்டு அமரும், எப்படிப் போட்டாலும் இடைவெளி அதிகம் மாறாது. ஆகவே தானியமாக அளக்கும்போது கொள்ளளவு விகிதமும் எடை விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. தராசு எதுவும் இல்லாமலே எடைக் கணக்கு கிடைத்துவிடுகிறது. மாவாகிவிட்டால் கதை வேறு. அரிசி மாவைச் சலித்து, கரண்டியால் உதிர்த்துப் போட்டு நிரப்பினால் 200 மில்லிக்கு 110 கிராமை ஒட்டி இருக்கும். டப்பாவுக்குள் ஆழாக்கை அமுக்கி அள்ளினால் 140ஐத் தொடும். நைசைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். ஆனால் இடைவெளி இந்த அளவுக்கு இருக்கும். அரிசி மாவு பாக்கெட்டில் அமுங்கிக் கிடந்து, உளுந்து மாவு அப்போதுதான் அரைத்துச் சலித்ததாக இருந்தால், நாலுக்கு ஒன்று என்று நீங்கள் அளப்பது எடையில் ஐந்துக்கு ஒன்றைத் தாண்டிவிடும். நிலைமை தலைகீழாக இருந்தால் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் வந்து நிற்கும். முதலாவது கல், இரண்டாவது எண்ணெய். மாவைப் பிசையும் கைக்கு இதில் பங்கே இல்லை.

மாவுருண்டையில் இதே தவறு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். வறுத்த பாசிப்பருப்பும் சர்க்கரையும் சமம் என்று பழைய கணக்கு. பருப்பும் சரி, மணிச் சர்க்கரையும் சரி, 200 மில்லிக்கு 170 கிராமை ஒட்டி இருக்கும். சர்க்கரையைப் பொடித்தால் அதே எடை ஒன்றரை மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். பொடித்த பிறகு ஆழாக்கால் அளப்பவர், வேண்டிய சர்க்கரையில் அறுபது சதவீதத்தைத்தான் போடுகிறார். இனிப்பு குறைவது மட்டுமில்லை, உருண்டை பிடிபடாமல் உதிர்கிறது. உடனே நெய்யைக் கூட்டி ஊற்றுகிறார்கள். பிறகு உருண்டை உட்கார்ந்து தட்டையாகிவிடுகிறது. இந்த மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே.

ஆக, அளவை எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்பது என் முடிவு. அரைப்பதற்கு முன், ஊறவைப்பதற்கு முன், பொடிப்பதற்கு முன் அளந்தால் ஆழாக்கே போதும். அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால்தான் தராசு தேவைப்படுகிறது.

மாவை அளந்துதான் ஆக வேண்டுமென்றால்

பாக்கெட் மாவுதான் கையில் இருக்கிறது, தராசும் இல்லை என்ற நிலைமை எல்லோருக்கும் வரும். அப்போதும் விலை மலிவான ஒரு ஆழாக்கை நம்பகமாகப் பயன்படுத்தலாம். முதலில் மாவின் குணத்தைச் சோதியுங்கள். நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடி டம்ளரில் சலித்த மாவை உதிர்த்து நிரப்பி, மேலே வழித்துவிட்டு, மடித்த துணியின் மேல் வைத்துத் தட்டுங்கள். இறங்குவது நிற்கும்வரை தட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு இறங்கினால் அந்தப் பொடி நல்ல ஓட்டமுள்ளது. ஆழாக்கில் எப்படிப் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. கால் பங்கு, அதற்கும் மேல் இறங்கினால் அது ஒட்டும் பொடி, எச்சரிக்கை தேவை. மருந்துத் தொழிற்சாலைகளில் பொடியின் ஓட்டத்தைக் கணிக்க இதே தட்டுச் சோதனையைத்தான் செய்கிறார்கள். தட்டிய பிறகுள்ள அடர்த்தியைத் தட்டுவதற்கு முன்னுள்ள அடர்த்தியால் வகுத்து, 1.25க்கு மேல் போனால் அந்தப் பொடி சுமாராகத்தான் ஓடும் என்று கணிப்பார்கள். ரவை இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். நைசான அரிசி மாவும் பொடித்த சர்க்கரையும் தேறாது.

ஒட்டும் பொடியை அளக்க இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, சலித்து உதிர்த்துப் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வழிப்பது. மற்றது, இறங்குவது நிற்கும்வரை தட்டித் தட்டி நிரப்பி வழிப்பது. சமையல் புத்தகங்கள் பெரும்பாலும் முதல் வழியைச் சொல்கின்றன. என் வாக்கு இரண்டாவதற்கு. உதிர்ந்த நிலை என்பது ஒரு நிலையே அல்ல. கரண்டி எந்த உயரத்திலிருந்து விழுகிறது, சலித்து எவ்வளவு நேரமாயிற்று, மேடையில் மிக்ஸி ஓடி அதிர்கிறதா என்று எல்லாமே அதை மாற்றும். நன்றாகத் தட்டி அமர்ந்த மாவுக்கு அதற்கு மேல் இறங்க இடமில்லை. யார் தட்டினாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கும். ஒரே நிபந்தனை: அரிசி மாவைத் தட்டி அளந்தால் உளுந்து மாவையும் தட்டியே அளக்க வேண்டும். இரண்டையும் இரண்டு விதமாக அளந்தால் உள்ளதும் கெட்டது.

தட்டும் முறையிலும் கவனம் வேண்டும். முக்கால் பங்கு நிரப்பி இருபது தட்டு, மீண்டும் நிரப்பி இருபது தட்டு, மேலே குவியும் அளவுக்குப் போட்டு இன்னும் சில தட்டு. பிறகு எஃகு ஸ்கேல் அல்லது கத்தியின் முதுகால், விளிம்பில் படிந்தபடி ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் அசைத்து வழிக்க வேண்டும். விரலால் வழித்தால் நடுவில் குழி விழும். அழுத்தித் தேய்த்தால் மேல் பரப்பு அமுங்கி, அங்கே மட்டும் மாவு அடர்த்தியாகும்.

பாத்திரத்தின் உருவமும் இங்கே கணக்கில் வருகிறது. வழிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் மேடு தங்கிவிட்டால், 9 சென்டிமீட்டர் வாயில் அது 6 மில்லிக்கும் மேல். 6 சென்டிமீட்டர் வாயில் 3 மில்லிகூட இல்லை. மாவுக்கு ஒடுங்கிய, உயரமான, நேர்ப்பக்கப் பாத்திரமே சிறந்தது. எவர்சில்வர் டம்ளர்களில் விளிம்பை வெளிப்பக்கம் உருட்டியிருப்பார்கள். அதில் ஸ்கேல் நன்றாகப் படியும், நல்லதே. உள்பக்கம் மடிந்த விளிம்பு வேண்டாம், அதன் அடியில் காற்று தங்கும். பிளாஸ்டிக் கப்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. வறண்ட நைஸ் மாவு அதன் சுவரில் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்கிறது. கவிழ்த்த பிறகு உள்ளே ஒரு படலம் தங்குவதைப் பார்க்கலாம். அடுத்தடுத்து அளக்கும்போது எண்ணிக்கை தவறுவதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. முறுக்குக்குப் பத்து ஆழாக்கு அளக்கும்போது ஒன்று விட்டுப்போனால் மற்ற எல்லாக் கவனமும் வீண். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைப்பது இன்றும் பொருந்தும் வழி.

எவ்வளவு துல்லியம் போதும் என்ற கேள்விக்குத் தராசு இரவல் கிடைத்தால் விடை தெரியும். உங்கள் முறையில் பத்து முறை அளந்து ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்து எழுதுங்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் முறுக்குக்கும் தேன்குழலுக்கும் அது தாராளம். பத்தைத் தாண்டினால் முறையை மாற்ற வேண்டும், பாத்திரத்தை அல்ல. எண்கள் போகப் போக ஏறிக்கொண்டே வந்தால், டப்பாவின் அடியில் அமுங்கிக் கிடந்த மாவுக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முழு மாவையும் முதலிலேயே தாம்பாளத்தில் கொட்டிக் கிளறிவிட்டால் அது தீரும்.

ஈரம், தராசையும் ஏமாற்றும்

தராசே தீர்வு என்பவர்கள் பேசாத இடம் இது. ஊறிய பச்சரிசி தன் எடையில் சுமார் கால் பங்கு தண்ணீரை ஏற்றுக்கொள்கிறது. அதை வடித்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகும் முன் இடித்தோ அரைத்தோ எடுப்பதுதான் அதிரசத்துக்கும் கருப்பட்டிப் பணியாரத்துக்கும் உரிய மாவு. அந்த மாவை நிறுத்தால் அரிசியையும் தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசு காட்டும். ஒருநாள் அரை மணி உலர்த்தி, இன்னொரு நாள் இரண்டு மணி உலர்த்தினால் 500 கிராம் என்பது இரண்டு வேறு பொருள்கள். ஆழாக்கால் அளந்தாலும் ஈர மாவு கட்டி கட்டியாக நின்று ஏமாற்றும். இதற்கு இருப்பது ஒரே வழி: ஊறப்போடும் முன் அரிசியை அளந்து, வெல்லத்தையோ கருப்பட்டியையோ அந்த அரிசிக் கணக்கில் எடுத்துக்கொள்வது. மாவை எந்தக் கட்டத்திலும் அளக்கவே கூடாது; அரைத்தது முழுவதும் பாகில் போய்விட வேண்டும். சலித்து மிஞ்சும் கப்பியைத் திரும்ப அரைத்துச் சேர்க்கச் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, அளவு குறையாமல் இருக்கவும்தான்.

தீபாவளிப் பலகாரம் ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை பிடித்த நேரத்தில் செய்யப்படுவது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சித்திரை வெயிலில் உதிர்ந்து ஓடும் அதே மாவு அப்போது காற்றின் ஈரத்தை வாங்கிக் கட்டி தட்டும். லேசாக, நிறம் மாறாமல், கையால் தொட்டால் சுடும் அளவுக்கு வறுத்து, ஆறவைத்து, சலித்த பிறகே அளக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அளந்து மூடினால் உள்ளே வியர்த்து மறுபடி கட்டியாகும்.

சிறிய அளவுகள்

உப்பு, சோடா உப்பு, பெருங்காயம் போன்றவற்றில் கணக்கு தலைகீழ். ஒரு கிராம் ஒரு கிராமாக மட்டும் காட்டும் வீட்டுத் தராசில் 3 கிராம் உப்பை நிறுப்பது வீண். அது 2 என்றும் காட்டலாம், 4 என்றும் காட்டலாம். சில தராசுகள் மெதுவாகத் தூவும்போது அசைவே காட்டாது. இங்கே தலைதட்டிய கரண்டிதான் மேல். கல்லுப்பை மட்டும் கரண்டியால் நம்பக் கூடாது, கல்லின் அளவுக்கு ஏற்ப எடை மாறும். அதைத் தண்ணீரில் கரைத்து, அடியில் கரையாத உப்பு மிஞ்சும்வரை போட்டு வைத்தால், மேலே நிற்கும் தெளிவு எப்போதும் ஒரே செறிவு: 5 மில்லி கரண்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகமாக உப்பு. மண், தூசியும் அடியில் தங்கிவிடும். மாவில் சமமாகக் கலப்பதும் இந்தத் தண்ணீர்தான். பெருங்காயத்தையும் இப்படியே கரைத்துச் சேர்க்கலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் படியும் உழக்கும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. 1956 எடை, அளவுச் சட்டத்துக்குப் பின் வணிகம் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறியதால், அந்தப் பழைய பாத்திரத்தை இன்னொரு வீட்டுக் குறிப்போடு அப்படியே பொருத்த வேண்டாம். அடி உள்ளே நசுங்கியிருக்கிறதா, வாய் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை ஊற்றி, எத்தனை முறை நிரம்புகிறது என்று பார்த்து அதன் கொள்ளளவைக் கண்டுகொள்ளலாம். பிறகு ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டைப் புதிதாகப் பிரித்து, தலைதட்டி அளந்து, எத்தனை உழக்கு வருகிறது என்றும் எழுதி, வாய் அகலத்தையும் சேர்த்துப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிவிட்டால், அடுத்து யார் எடுத்தாலும் அவர்களுக்குத் தேவையான மூன்று எண்களும் அங்கேயே இருக்கும்.